ஸ்படிகமும் செங்கதிரும்

தெளிந்த ஸ்படிக மணி ஒன்றின் அருகே செம்பருத்தி மலரை வைத்தால் மணி சிவந்து தோன்றும். மலரை அகற்றினால் அச்சிவப்பும் அகலும். நம் தேசத்துத் தத்துவ நூல்களைப் பயின்றவர்களுக்கு இந்தத் திருஷ்டாந்தம் மிகப் பழகியதொன்று. புருஷன் உண்மையில் எதனாலும் நிறம் மாறுவதில்லை, மாறியதாக எண்ணப்படுகிறான் என்பதற்கு ஸாங்கியர் இதனை எடுத்தாண்டனர். யோக நூலார் மாசு நீங்கிய சித்தத்திற்கு நல்ல மணியை உவமை கூறினர். அத்வைத ஆசாரியர்கள் உபாதி என்னும் கருத்தை விளக்க இதனையே கொண்டனர். ஸ்ரீபாஷ்யகாரரும் இதே மணியையும் இதே மலரையும் கையில் எடுத்தார். அவர் கண்ட முடிவு மற்றவர்களுடையதினின்றும் வேறுபட்டது. அதனைப் பின்னர்க் காண்போம்.

இக்காலத்தில் அந்தப் பழைய திருஷ்டாந்தம் புதிய கோலம் பூண்டு வந்துள்ளது. மலர் இருந்த இடத்தில் லேஸர் என்னும் ஒளிக்கருவி. உருண்டை மணி இருந்த இடத்தில் பட்டை தீட்டிய கண்ணாடிப் படிகம். இருண்ட மண்டபத்தில், நூலிழை போன்ற ஒரு செங்கதிர் மெல்லச் சுழலும் படிகத்தினுள் புகுகிறது. மறுகணம் சுவரெங்கும் விதானமெங்கும் நூற்றுக்கணக்கான செம்புள்ளிகள் தோன்றி ஊர்கின்றன. சில நீண்டு கோடாகின்றன. சில சிறகு விரிக்கின்றன. சில ஒன்றோடொன்று கலந்து பிரிகின்றன. காண்போர் தம்மை மறந்து நிற்கின்றனர். இந்த அழகு யாருடையது? கதிருடையதா, படிகத்தினுடையதா, காண்பவரின் கண்ணுடையதா? ஒன்றாகிய கதிரைப் பலவாகக் காட்டுவது பொய்யைக் காட்டி மகிழ்விப்பது ஆகாதா? இவற்றுக்கும் மேலாக, அதனை அமைப்பவன் அங்கே அமர்ந்திருப்பவர்களுக்கு எவ்வளவு கடமைப்பட்டவன்?

இவற்றுக்கு விடை காணுமுன் அவ்விரு பொருள்களின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

1960-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மாலிபு என்னும் இடத்திலிருந்த ஆய்வுக்கூடத்தில், தியோடர் மைமன் என்னும் விஞ்ஞானி முதன்முதலாக லேஸர் ஒளியைத் தோற்றுவித்தார். அந்த ஒளி பிறந்த இடம் ஒரு மாணிக்கக் கோல். மண்ணிலிருந்து தோண்டியெடுத்ததன்று, ஆய்வுக்கூடத்திற்கென உருவாக்கிய மாணிக்கம். ஒளியும் மணியும் சேர்ந்த இந்த உறவு லேஸர் பிறந்த நாளிலேயே தொடங்கிவிட்டது என்று கூறினும் பிழையில்லை. பின்னர் 1962-ல் ஹீலியம், நியான் என்னும் இரு வாயுக்களைக் கொண்டு, கண்ணுக்குப் புலனாகும் சிவந்த கதிர் இடைவிடாது ஒளிரும்படி செய்யப்பட்டது. அதன் அலையின் நீளம், ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் அவற்றுள் 632.8 கூறு.

விளக்கொளிக்கும் இவ்வொளிக்கும் உள்ள வேற்றுமையைத் திருவிழாவிற்கு வந்தவர்கள் எளிதில் உணரலாம். வீதி நிறைந்த ஜனத்திரளில் ஒவ்வொருவரும் தத்தம் போக்கில் நடப்பர்; தத்தம் குரலில் பேசுவர். சூரியனின் ஒளியும் விளக்கின் ஒளியும் அத்தகையவை. எம்பெருமான் முன்னே செல்லும் கோஷ்டியோ ஒரே அடியாக நடந்து, ஒரே ஸ்வரத்தில் ஓதிச் செல்லும். லேஸர் கதிர் அத்தகையது. ஒரே நிறம், ஒரே திசை, ஒரே அடிவைப்பு. அதனாலேயே அது நெடுந்தூரம் சென்றும் பரந்துவிடாமல் ஒடுங்கிய இழையாகவே நிற்கிறது.

இனிப் படிகம். கடைகளில் படிகம் என்ற பெயரால் விற்கப்படும் அலங்காரப் பொருள்களுள் பெரும்பாலானவை ஸ்படிகம் அல்ல, கண்ணாடியே. உண்மை ஸ்படிகத்தில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். கண்ணாடியில் அந்த ஒழுங்கு இல்லை. இங்கிலாந்தில் ஜார்ஜ் ரேவன்ஸ்க்ராஃப்ட் என்பவர் 1674-ல் உரிமை பெற்ற புதுவகைக் கண்ணாடியில் ஈயத்தின் பஸ்மத்தைச் சேர்க்கும் முறை ஊன்றிற்று. அதனால் கண்ணாடி கனத்தது. ஒளியை மிகுதியாக வளைத்தது. பட்டை தீட்டினால் மணியைப் போலவே மின்னிற்று. பொஹீமியா நாட்டில் பிறந்த டானியல் ஸ்வரோவ்ஸ்கி 1892-ல் கண்ணாடியைப் பட்டை தீட்டும் இயந்திரத்திற்கு உரிமை பெற்று, 1895-ல் ஆஸ்திரியாவின் டிரோல் மலைநாட்டில் வாட்டன்ஸ் என்னும் ஊரில் தொழிற்சாலை நிறுவினார். மன்னர் மனைகளில் மட்டும் தொங்கிய படிகம் எளியோர் இல்லத்திற்கும் வந்தது அதன் பிறகுதான். மணியல்லாத ஒன்று மணியின் பெயரைப் பெற்று, அப்பெயருக்கு இழுக்கு வாராமல் நடந்துகொண்டதும் ஒரு விந்தையே. பெயருக்கேற்ப நடக்க அறியாத மனிதர் எத்தனை பேர்!

ஒளியையே கலையாக்கும் எண்ணம் லேஸருக்கு முந்தியது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த தாமஸ் வில்ஃப்ரெட் என்பவர், 1922 முதல் திரையில் அசையும் ஒளிக்கோலங்களை அமைத்துக்காட்டி அக்கலைக்கு ‘லூமியா’ என்று பெயரிட்டார். லேஸர் வந்தபின் கலிபோர்னியாவில் எல்ஸா கார்மைர் என்னும் பெண் விஞ்ஞானி, அக்கதிரைச் சமமற்ற கண்ணாடிகளினூடே செலுத்தி எழுந்த உருவங்களைக் கண்டு களித்தார். அவற்றைப் படம்பிடிக்க வந்த ஐவன் டிரையர் என்பவர், நேரில் கண்ட மினுமினுப்பு திரைப்படத்தில் வாராமை கண்டு, இதனை நேரிலேயே மக்களுக்குக் காட்ட வேண்டும் எனத் துணிந்தார். 1973-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் கிரிஃபித் வானோக்குக் கூடத்தில், விண்மீன்களைக் காட்டும் கவிமாடத்தின் உட்புறத்தில் ‘லேஸேரியம்’ என்னும் காட்சி தொடங்கிற்று. அங்கே கிரிப்டான் வாயுவினால் எழுந்த கதிரை ஒரு முப்பட்டைக் கண்ணாடி சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என நான்காகப் பிரித்துக் கொடுத்தது. அவை இசைக்கேற்ப ஆடின.

கிரிப்டான் கதிரில் நான்கு நிறங்கள் முன்பே கலந்திருந்தமையால் அவ்வாறு பிரிந்தன. ஹீலியம்-நியான் கதிரின் கதை வேறு. பட்டை தீட்டிய படிகத்தை வெயிலில் பிடித்தால் வானவில்லின் நிறங்கள் சிதறும். ஆகவே அச்செங்கதிரைச் செலுத்தினாலும் அவ்வாறே நிறங்கள் தோன்றும் என எண்ணி, புதிதாகச் செய்து பார்ப்பவர் ஏமாறுவர். எத்தனை பட்டைகள் இருப்பினும் வெளிவரும் ஒளி சிவப்பே. நியூட்டன் 1672-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்குக் காரணம் கூறுகிறது. முப்பட்டைக் கண்ணாடி நிறத்தைத் தோற்றுவிப்பதில்லை. வெண்மையில் முன்பே கலந்து கிடந்த நிறங்களை வெவ்வேறு கோணத்தில் வளைத்துப் பிரிக்கிறது. அவ்வளவே. கலப்பே இல்லாத ஒளியில் பிரிப்பதற்கு என்ன இருக்கிறது? அங்கே படிகம் செய்யக்கூடியது திசைகளைப் பலவாக்குவது ஒன்றுதான்.

அது எங்ஙனம் எனின், கதிர் முதற்பட்டையில் படும்போது நூற்றில் நான்கு பங்கு அளவு வெளியே மீள்கிறது. ஈயம் மிகுந்த கண்ணாடியாயின் சற்றே அதிகம். எஞ்சியது உள்ளே புகுந்து எதிர்ப்பட்டையை அடைகிறது. அங்கே அது மிகச் சாய்ந்து விழுமாயின் சிறிதும் வெளியேறாமல் முழுவதும் உள்ளேயே திரும்புகிறது. மற்றொரு பட்டையில் ஒரு பகுதி வெளியேறி, மறுபகுதி மீண்டும் திரும்புகிறது. இவ்வாறு ஒரு வாயில் வழியே புகுந்த ஒன்று பல வாயில்களால் வெளிப்படுகிறது. பங்கீடு சமமானதன்று என்பதை இங்கே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நூறு புள்ளிகள் தோன்றினால் ஒவ்வொன்றும் நூற்றில் ஒரு பங்கு என்பது கணக்கில் மட்டுமே உண்மை. சில பட்டைகள் பெரும்பங்கை ஒரே வழியில் அனுப்பிவிடும். பல பட்டைகள் பெயரளவில் சிறிது ஒளியைப் பெறும்.

இங்கே பூர்வபக்ஷம் எழுகிறது. கதிர் ஒன்றே, பல என்பது தோற்றமே. தோற்றத்தில் மகிழ்வது பொய்யில் மகிழ்வதே அன்றோ? ஆகையால் இத்தகைய அலங்காரம் அறிவுடையோர்க்கு ஏற்றதன்று என்பர் சிலர்.

ஸ்ரீபாஷ்யகாரர் செம்பருத்தியும் ஸ்படிகமும் பற்றிக் கூறியது இங்கே துணைக்கு வருகிறது. மலரின் செவ்வொளி எப்புறமும் பரவியே இருக்கிறது; தெளிந்த பொருளோடு சேரும்போது அது தெளிவாகக் கண்ணில் படுகிறது என்பது அவர் காட்டிய வழி. எனவே சிவப்பைக் கண்டவன் இல்லாததைக் காணவில்லை. இருப்பதையே கண்டான், அது யாருடையது என்பதில் மட்டும் தவறினான். கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் தோன்றும் நெருப்புச் சக்கரத்தைப் பற்றியும் அவர் இவ்வாறே கூறினார். கொள்ளி அவ்வட்டத்தின் எல்லா இடங்களையும் உண்மையாகவே தொட்டுச் செல்கிறது; வேகத்தால் இடைவெளி அறியப்படவில்லை என்பது அவர் விளக்கம். இன்று லேஸர் காட்சிகளில் சிறு கண்ணாடிகள் அதிவேகமாக அசைந்து, ஒரே புள்ளியைக் கொண்டு மலரையும் பறவையையும் வரைந்து காட்டுகின்றன. அந்தச் சித்திரம் இக்கால அலாதசக்கரமே. அவர் விளக்கம் இதற்கும் ஓர் எழுத்தும் மாறாமல் பொருந்துகிறது.

சுவரில் ஊரும் புள்ளிகளிடம் இதனை வைத்துப் பார்க்கலாம். எந்தப் புள்ளியின் முன்னும் கையை நீட்டினால் அது கையில் விழும். ஒவ்வொன்றும் மூலக்கதிரின் உண்மையான அம்சம். அதே நிறம், அதே இயல்பு. நூறு விளக்குகள் எரிகின்றன என்று எண்ணினால் அதுவே பிழை. நூறு இடங்களில் ஒளி விழுகிறது என்பதில் பிழை இல்லை. ஆகவே இதில் மகிழ்பவன் பொய்யில் மகிழ்பவன் அல்லன்.

காண்பவனின் கண்ணுக்கு இதில் பங்கே இல்லையோ எனில், உண்டு. லேஸர் புள்ளியை உற்று நோக்கினால் அதன்மேல் மணல் தூவினாற்போன்ற ஒரு மினுமினுப்புத் தெரியும். அது சுவரில் எழுதப்பட்டதன்று. சுவரின் நுண்ணிய மேடுபள்ளங்களிலிருந்து திரும்பும் அலைகள் கண்ணினுள் ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் அமைப்பது. இருவர் அருகருகே நின்று ஒரே புள்ளியைக் கண்டாலும் இருவருக்கும் அந்த மணற்கோலம் வேறு. தலையை அசைத்தால், கிட்டப்பார்வை உடையவருக்கு அது எதிர்த்திசையிலும் தூரப்பார்வை உடையவருக்கு அதே திசையிலும் நகரும். தம் கண்ணின் குறையையே அலங்காரமாகக் கண்டு வியந்துகொண்டிருக்கிறோம் என்று அறியாமல் பலர் வியந்திருப்பர்!

ஆயின், புள்ளிகள் மெய் என்று நிலைநாட்டியவுடன் ஒரு பெரும் பொறுப்பு வந்து சேர்கிறது. பொய்யான பொருள் சுடாது. மெய்யான பொருள் சுடும்.

கண்ணில் புகும் இணைக்கதிரை அதன் வில்லை விழித்திரையில் மிகச் சிறிய புள்ளியாகக் குவிக்கிறது. அங்கே ஒளியின் செறிவு ஏறத்தாழ லட்சம் மடங்காகப் பெருகுகிறது. இருண்ட மண்டபத்தில் கண்மணி அகன்று விரிந்திருப்பதால் மிகுதியான ஒளி உள்ளே புகவும் வழியுண்டு. ஒளி கூசினால் இமை மூடிக்கொள்ளும். அதற்குக் கால் விநாடி அளவு காலம் வேண்டும். அந்த அவகாசத்தில் தீங்கு விளையாதிருக்க, கண்ணுக்குப் புலனாகும் லேஸருக்கு ஒரு மில்லிவாட் என்ற அளவை வகுத்துள்ளனர். காட்சிகளில் பயன்படும் கதிரோ ஒரு வாட்டும் அதற்கு மேலும் ஆகலாம். ஒரு வாட் என்பது ஆயிரம் மில்லிவாட். முதற்பட்டையிலிருந்து அற்பமென்று மீளும் நூற்றில் நான்கு பங்கே நாற்பது மில்லிவாட். அந்த எல்லையைப் போல் நாற்பது மடங்கு! விழித்திரை சுடப்படும்போது பெரும்பாலும் வலி தெரிவதில்லை. சுடப்பட்ட இடம் பழைய நிலைக்கு மீளாமலும் போகலாம்.

கயிற்றில் தோன்றும் பாம்பும் நடுக்கத்தைத் தருகிறதே, பொய்யும் காரியம் செய்யும் அன்றோ என்று இங்கே கேட்கலாம். கேட்கத்தக்க கேள்வியே. ஆனால் கயிற்றைக் காணாதவனைக் கயிற்றரவு அச்சுறுத்தாது. அந்த நடுக்கத்திற்கு அறிவே காரணம். லேஸர் கதிரோ, இன்னதென்று அறியாத குழந்தையின் கண்ணையும் சுடும். அறிவை எதிர்பாராமல் காரியம் செய்வதனை வெறுந்தோற்றம் என்று ஒதுக்குவது எங்ஙனம்?

இது வெறும் தர்க்கமன்று. 2008-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ருஷ்ய நாட்டில் மாஸ்கோ நகருக்கு வடகிழக்கே திறந்தவெளியில் நடந்த ஓர் இசைவிழாவில், மழை பெய்தமையால் கூடாரங்கள் எழுப்பப்பட்டன. வானை நோக்கிச் செல்ல வேண்டிய லேஸர் கதிர்கள் கூட்டத்தினரிடையே பாய்ந்தன. இளைஞர் பலர் பார்வைக் குறையோடு மருத்துவரிடம் சென்றனர். அங்கே படிகம் இல்லை; கதிரின் வழியில் எதிர்பாராத ஒன்று குறுக்கிட்டது மட்டுமே. வேண்டுமென்றே ஐம்பது, அறுபது பட்டைகளைக் குறுக்கே நிறுத்தி, அதைச் சுழலவும் விடுபவன் எத்துணை எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்!

‘கதிர்கள் எங்கெங்கே செல்லும் என்பதை நான் எப்படி அறிவேன்? படிகம் சிதறடித்தது, நான் என் செய்வேன்?’ என்று அவன் கூறலாம். கதிருக்கு ஸங்கல்பம் இல்லை. படிகத்திற்கும் இல்லை. அங்கே ஸங்கல்பம் உடையவன் அவன் ஒருவனே. கர்த்தா என்ற சொல் வேறு யாரைச் சேரும்? அறியாமை சில பிழைகளுக்குப் பரிகாரமாகலாம். தானே விரும்பி அமைத்துக்கொண்ட அறியாமை அவ்வாறாகாது. இருளில் ஜனங்கள் நிற்கும் திசையில் கல்லை எறிந்துவிட்டு, யார்மேல் விழும் என்று தெரியாது என்பவனை எந்த ஸபையும் விடுவிக்காது.

காண வந்தவர்கள் தாமே விரும்பி வந்தனர் என்பதும் நிரம்பாத விடை. அவர்கள் இசைந்தது அழகைக் காண்பதற்கு. வலியின்றி வரும் தீங்கை அறிந்து இசைந்தவர் அவர்களுள் எவரும் இலர். ‘நூறாகப் பிரிந்துவிட்டதே, இனி என்ன வலிமை?’ என்னும் ஸமாதானத்தின் குறையை மேலே கண்டோம். சராசரி யாருடைய கண்ணிலும் விழுவதில்லை. விழுவது ஏதோ ஒரு புள்ளி; அது தொண்ணூற்றொன்பது மெலிந்த புள்ளிகளுள் ஒன்றாகவும் இருக்கலாம், வலிய ஒன்றாகவும் இருக்கலாம்.

இவ்வளவு இடர் உடையதாயின் முற்றும் விலக்கிவிடுவதே நன்று என்று சிலர் முடிவு கூறுவர். தீ சுடும் என்று தீபத்தை விலக்கினோமா? வேண்டியது காவல். அமெரிக்க நாட்டில் இத்தகைய காட்சி நடத்துவோருக்கு வகுத்துள்ள நெறியில், வலிய கதிர் எதுவும் மக்கள் நிற்கும் தரையிலிருந்து 3 மீட்டருக்குக் கீழே வரலாகாது, பக்கவாட்டில் 2.5 மீட்டருக்குள் நெருங்கலாகாது என்று விதித்துள்ளனர். விதி அளவைத்தான் கூறும். அதனைக் காப்பது அமைப்பவனின் கையில் இருக்கிறது.

கடமை உணர்ந்த ஒருவன் இதனை எப்படிச் செய்வான் என்று எண்ணிப் பார்க்கலாம். மண்டபம் காலியாக இருக்கும் பகற்பொழுதிலேயே அவன் கதவுகளை அடைத்து இருளாக்கிக்கொள்வான். படிகத்தைச் சுவரை நோக்கிய ஒருபுறம் மட்டும் திறந்த கருநிறப் பெட்டிக்குள் அமைப்பான். மிகக் குறைந்த வலிமையுள்ள கதிரை முதலில் செலுத்தி, படிகத்தைக் கையால் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒரு முழுச் சுற்றிலும் எந்தப் புள்ளி எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்வான். அவனுக்குத் தெரியும்: பிரதிபலிக்கும் முகம் ஒரு பாகை திரும்பினால் கதிர் இரண்டு பாகை திரும்பும், 20 மீட்டர் தொலைவில் அது 70 சென்டிமீட்டர் விலகிவிடும். ஆகவே துடைப்பதற்காகப் படிகத்தைக் கழற்றி மாட்டினாலும், திருகாணியைச் சிறிது முடுக்கினாலும், முதலிலிருந்து மறுபடி பார்ப்பான். சுவரை விட்டுப் பெட்டியின் விளிம்பைத் தாண்டி வரும் கதிர் ஒன்றிருந்தால், அது எத்தனை அழகியதாயினும் கருந்துணியால் மறைப்பான். பிறகு ஆசனங்களில் ஒவ்வொன்றாக அமர்ந்து பார்ப்பான். பெரியோர் எழுந்து நின்றால் தலை எட்டும் உயரத்தையும், தந்தையின் தோளில் ஏறிய பிள்ளையின் கண் எட்டும் உயரத்தையும் கோலால் அளந்துகொள்வான்.

மாலையில் கதவு திறக்கிறது. மக்கள் வந்து அமர்கின்றனர். விளக்குகள் அணைகின்றன, சுவரெங்கும் செம்புள்ளிகள் மலர்ந்து ஊர்கின்றன. எல்லாவற்றிலும் ஒளி மிகுந்த மூன்று புள்ளிகள் மட்டும், பெட்டியின் ஓரத்துக் கருந்துணியில் விழுந்து யாரும் காணாமல் அணைந்துகொண்டிருக்கின்றன.